விண்மீன்களின் ஏரிக்கு வரத்துக்கால் எது?

மார்கழி மாத முன்னிரவில் கிழக்கு வானில் மிருகசீரிடமும் திருவாதிரையும் எழுந்து நிற்கும். அவற்றுக்கு அருகே வரிசையாகத் தெரியும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே, நகர வெளிச்சம் எட்டாத ஊரில் நின்று பார்த்தால், மங்கலான ஒரு புகைத்திட்டு கண்ணுக்குப் புலப்படும். ஓரியன் நெபுலா எனப்படும் அந்த வாயுத்திரள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே இன்றும் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. வாயு தன் ஈர்ப்பால் தானே சுருங்கி, நடுவில் வெப்பமேறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு தொடங்கினால் விண்மீன் பிறந்துவிட்டது என்று பொருள்.

நம்முடைய பால்வெளி மண்டலம் முழுவதிலும் இப்படி ஆண்டுக்கு எவ்வளவு வாயு விண்மீனாகிறது என்பதை வானியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு சூரியன்களின் நிறை அளவு. பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ள மண்டலத்துக்கு இது சொற்பச் செலவுதான். ஆனால், கையிருப்பைப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. விண்மீனாகச் சுருங்குவதற்கு ஏற்ற குளிர்ந்த மூலக்கூறு வாயு நம் மண்டலத்தில் ஏறக்குறைய நூறு கோடி சூரிய நிறை அளவே உள்ளது. இன்றைய வேகத்தில் செலவானால் ஐம்பது கோடி முதல் நூறு கோடி ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். பரவிக்கிடக்கும் அணு ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டாலும் சில நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் காணும். பால்வெளியோ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக விண்மீன்களைப் படைத்து வருகிறது. அதுவும், தொடக்க காலத்தில் இன்றைவிட அதிக வேகத்தில்.

மடிந்த விண்மீன்கள் தம் நிறையில் ஒரு பகுதியை வாயுவாகத் திருப்பித் தருகின்றன என்பது மெய்தான். எனினும், வாங்கியதில் பாதிக்கும் குறைவாகவே திரும்புகிறது. மீதி வெண்குறுமீன்களிலும் நியூட்ரான் விண்மீன்களிலும் கருந்துளைகளிலும் நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது. மதகு திறந்தே இருக்கிறது. ஆனாலும், ஏரி வற்றவில்லை. அப்படியானால் எங்கோ ஒரு வரத்துக்கால் இருந்தாக வேண்டும். அந்த வரத்துக்காலைத் தேடும் முயற்சிதான் கடந்த அறுபது ஆண்டு வானியலின் சுவையான அத்தியாயங்களுள் ஒன்று.

வாயுவின் இருப்புக் கணக்கு மட்டுமல்ல, விண்மீன்களின் வேதியியலும் இதையே சொன்னது. வானியலாளர்கள் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களையும் 'உலோகம்' என்றே அழைப்பார்கள். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன்கூட அவர்களுக்கு உலோகம்தான். வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக. இந்த உலோகங்கள் விண்மீன்களுக்குள் உருவாகி, அவை வெடிக்கும்போதும் கரையும்போதும் வாயுவில் கலக்கின்றன. ஆகவே, பிந்திப் பிறக்கும் விண்மீனில் உலோகம் கூடுதலாக இருக்கும். பால்வெளி வெளித்தொடர்பே இல்லாத மூடிய பெட்டியாக இருந்திருந்தால், உலோகம் மிகக் குறைந்த காலத்தில் ஏராளமான விண்மீன்கள் பிறந்திருக்க வேண்டும். அவற்றுள் சூரியனை ஒத்தவையும் அதனினும் சிறியவையும் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் கொண்டவை. இன்றும் நம் அண்டையில் அவை பெருமளவில் இருந்தாக வேண்டும்.

எண்ணிப் பார்த்தபோது அவை மிகச் சிலவே இருந்தன. 1962-இல் சிட்னி வான் டென் பெர்கும், 1963-இல் மார்ட்டின் ஷ்மிட்டும் இந்தக் குறைவைச் சுட்டிக்காட்டினார்கள். 1972-இல் ரிச்சர்ட் லார்சன் ஒரு விடையை முன்வைத்தார். மண்டலம் ஒரே நாளில் முழு வாயுவையும் பெற்றுவிடவில்லை. வெளியிலிருந்து உலோகம் குறைந்த புதுவாயு தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. அது உள்ளே சேர்ந்துகொண்டிருந்த உலோகத்தை நீர்க்கச் செய்தபடியே வந்திருக்கிறது என்பதே அந்த விடை. பால் சுண்டச் சுண்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது.

விழுகின்ற வாயுவை நேரில் கண்ட கதை இதற்குச் சற்று முன்னதாகவே தொடங்கிவிட்டது. அதற்கு நாம் இரண்டாம் உலகப் போர்க்கால ஹாலந்துக்குச் செல்ல வேண்டும். நாட்டை ஜெர்மானியப் படைகள் ஆக்கிரமித்திருந்த 1944-இல், லைடன் நகர வானியலாளர் யான் ஊர்ட் ஒரு மாணவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தார். விண்வெளியிலிருந்து ரேடியோ அலைகள் வருவது அப்போது தெரிந்திருந்தது. அந்த அலைகளில், ஒரு குறிப்பிட்ட அணுவுக்கே உரிய கையெழுத்து போன்ற அலைநீளம் எதுவும் இருக்குமா என்பதே கேள்வி. ஹென்ட்ரிக் வான் டி ஹுல்ஸ்ட் என்ற அந்த மாணவர், தனி ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஓர் அலையை வெளியிட இயலும் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஹைட்ரஜன் அணுவில் உள்ள எலக்ட்ரானின் தற்சுழற்சி, புரோட்டானின் தற்சுழற்சியை ஒத்த திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறும்போது வெளிப்படும் அலை அது. ஓர் அணு தானாக இப்படி மாறுவதற்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டு பிடிக்கும். ஆயினும், விண்வெளியில் ஹைட்ரஜன் அணுக்கள் எண்ணிலடங்காதவை ஆதலால் அலை இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும்.

1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹெரால்ட் இவனும் எட்வர்ட் பர்செலும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவால் அந்த அலையைப் பிடித்தார்கள். சில வாரங்களிலேயே ஹாலந்துக்காரர்களும் பிடித்துவிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது, போரில் தோற்றுத் திரும்பிய ஜெர்மானியர் விட்டுச்சென்ற ரேடார் கிண்ணம். எதிரி விமானத்தைத் தேடுவதற்கென்று செய்யப்பட்ட கருவி பால்வெளியின் சுருள்கைகளை வரைபடமாக்கப் பயன்பட்டது. வரலாற்றில் படைக்கலங்களுக்கு இத்தகைய நற்கதி அடிக்கடி வாய்ப்பதில்லை.

1956-இல் ட்விங்கலூ என்ற ஊரில் 25 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி எழுந்தது. அதைக்கொண்டு 1963-இல் முல்லர், ஊர்ட், ரைமோண்ட் ஆகிய மூவரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். மண்டலத்தின் தட்டிலிருந்து விலகிய திசைகளில் ஹைட்ரஜன் மேகங்கள் இருந்தன. அவை மண்டலத்தோடு சேர்ந்து சுழலவில்லை. நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தன. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி உயர்வதுபோல, நெருங்கும் மேகத்தின் அலை சற்றே குறுகும். அந்தக் குறுக்கத்தைக்கொண்டு வேகத்தைக் கணித்தார்கள். 'அதிவேக மேகங்கள்' என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. வெளியிலிருந்து வாயு விழுகிறது என்ற கருத்தை ஊர்ட் அடுத்த சில ஆண்டுகள் விடாமல் வாதிட்டார்.

வாதம் எளிதில் முடியவில்லை. வேகம் தெரிந்ததே தவிர, தொலைவு தெரியவில்லை. அருகிலுள்ள சிறு மேகமும் தொலைவிலுள்ள பெரு மேகமும் வானில் ஒரே அளவில்தான் தோன்றும். தொலைவு தெரியாமல் நிறை தெரியாது. நிறை தெரியாமல் வரவுக் கணக்கு எழுத முடியாது. இதற்கு ஒரு வழி கண்டார்கள். தொலைவு தெரிந்த விண்மீன்களை மேகத்தின் திசையில் தேடி, ஒவ்வொன்றின் ஒளியையும் ஆராய்ந்தார்கள். விண்மீன் மேகத்துக்குப் பின்னால் இருந்தால் மேகத்திலுள்ள அணுக்கள் அதன் ஒளியில் சில நிறங்களை விழுங்கியிருக்கும். முன்னால் இருந்தால் அந்தத் தடயம் இருக்காது. இரண்டுக்கும் இடையில் மேகம். சொல்வதற்கு எளிதான இந்த முறைக்கு ஏற்ற விண்மீன்கள் அகப்படுவது அரிது. வட வானில் பெரிதாகப் பரந்துள்ள 'சி தொகுதி' என்ற மேகத்தின் தொலைவு ஏறத்தாழ 33,000 ஒளியாண்டு என உறுதிப்பட 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் நிறை பல லட்சம் சூரியன்களுக்குச் சமம். அதிலுள்ள உலோகம் சூரியனில் இருப்பதைப்போலப் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான். லார்சன் எதிர்பார்த்த நீர்த்த வாயு இதுவே என்று சொல்லத்தக்க அளவுக்கு அது புதியது.

ஆனால், எல்லா மேகங்களும் அப்படி இல்லை. இவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1963-இல் லைடன் பல்கலைக்கழக மாணவியாக இருந்த கெயில் ஸ்மித் ஒரு மேகத்தைக் கண்டறிந்தார். திருவோணம் என்று நாம் அழைக்கும் விண்மீன் அமைந்த கழுகு மண்டலத்தின் திசையில் அது இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியால் ஜே லாக்மன் குழுவினர் அதை நுணுக்கமாக வரைந்தபோது, வால்மீன் போன்ற அதன் உருவம் தெரிந்தது: நீளம் 11,000 ஒளியாண்டு, அகலம் 2,500 ஒளியாண்டு. முனை பால்வெளியின் தட்டை நோக்கியும் வால் பின்னால் சிதறியும் இருந்தது. நம் கண்ணுக்கு ரேடியோ அலை தெரியுமானால், வானில் முழுநிலவைப்போல முப்பது மடங்கு நீளத்தில் அந்த மேகம் கிடப்பதைக் காணலாம். மணிக்குச் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் அது, இன்னும் ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளில் தட்டின்மீது மோதும். இருபது லட்சம் சூரியன்களுக்குப் போதுமான வாயு அதன்மூலம் சேரக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்; அதில் ஒரு பகுதியே விண்மீனாகும். மோதல் நடக்கப்போவது நம்மிடமிருந்து வெகு தொலைவில் என்பதால் பூமிக்கு அதனால் எந்த ஆபத்தும் இல்லை.

பல்லாண்டுகளாக இதை வெளியிலிருந்து வரும் புதுவாயு என்றே பலர் எண்ணினர். விண்மீன் பிறக்கத் தவறிய ஒரு குட்டி மண்டலம் என்றுகூடக் கருதினர். 2016-இல் ஆண்ட்ரூ ஃபாக்ஸ் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியை அந்த மேகத்துக்கு அப்பால், மிகத் தொலைவில் ஒளிரும் மூன்று மண்டலங்களின் பக்கம் திருப்பினார்கள். அவற்றின் புற ஊதா ஒளி ஸ்மித் மேகத்தைக் கடந்து வரும்போது, அதிலுள்ள கந்தகம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். விடை எதிர்பாராதது. சூரியனில் உள்ள விகிதத்தில் பாதியளவு கந்தகம் அங்கே இருந்தது. விண்மீனே பிறக்காத கன்னி மேகத்தில் இவ்வளவு கந்தகம் இருக்க வழியில்லை. பால்வெளியின் புறப்பகுதியிலிருந்தே சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் எறியப்பட்டு, இப்போது வீடு திரும்பும் வாயுவாக அது இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அவ்வளவு வாயுவை எறிந்த விசை எது என்பது இன்னும் தீராத கேள்வி. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் பிடியில் அது கட்டுண்டிருக்கிறது என்று வாதிடுவோரும் உள்ளனர்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நம் வாயுவே மேலே போய்த் திரும்பி விழுகிறதென்றால், அது எப்படி வரவாகும்? ஒரு சட்டைப் பையிலிருந்து மறு பைக்கு மாற்றிய பணம்தானே? 1976-இலேயே பால் ஷபீரோவும் ஜார்ஜ் ஃபீல்டும் இத்தகைய சுற்றை 'மண்டல நீரூற்று' என்று வருணித்தார்கள். பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போது சூடேறிய வாயு தட்டிலிருந்து மேலே பீறிட்டு எழுகிறது, உயரே குளிர்ந்து திரள்கிறது, மீண்டும் விழுகிறது. அதன் உள்ளே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நம் மண்டலத்தைச் சுற்றிலும் பத்து, இருபது லட்சம் பாகை வெப்பமுள்ள மெல்லிய வாயு உறை பல லட்சம் ஒளியாண்டுகளுக்குப் பரவிக்கிடக்கிறது. அவ்வளவு வெப்பத்தில் அது தானாகக் குளிர்ந்து இறங்குவது கடினம். உலோகம் மிகுந்த நீரூற்று மேகம் அதனூடே பாயும்போது இரண்டும் ஓரங்களில் கலக்கின்றன. கலந்த வாயு விரைவில் குளிர்கிறது. மேகம் போனபோது இருந்ததைவிடக் கனத்துத் திரும்புகிறது. ஃபிலிப்போ ஃப்ரட்டெர்னாலியும் ஜேம்ஸ் பின்னியும் வளர்த்தெடுத்த இந்தக் கருத்து சரியானால், விண்மீன்களின் மரணமே அடுத்த தலைமுறைக்கான வாயுவை வெளியிலிருந்து இழுத்து வருகிறது. நிறுவப்பட்டுவிட்டது என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால், பழைய வாயுவும் புதிய வாயுவும் கலந்தே விழுவதைக் காணும்போது, கைவசம் உள்ள விளக்கங்களில் இதுவே இயல்பானதாகத் தோன்றுகிறது.

வரவு செலவுப் புத்தகத்துக்கு வருவோம். 2011-இல் நிக்கோலஸ் லேனரும் கிறிஸ்டோபர் ஹௌக்கும் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்கள். 21 சென்டிமீட்டர் அலை நடுநிலை ஹைட்ரஜனை மட்டுமே காட்டும். எலக்ட்ரானை இழந்து அயனியான வாயு அதில் தெரியாது. புற ஊதா ஒளியில் தேடியபோது அத்தகைய வாயு ஏராளமாக இருந்தது. அதன்மூலம் ஆண்டுக்கு 0.8 முதல் 1.4 சூரிய நிறை வரை விழக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2019-இல் ஃபாக்ஸ் குழுவினர் ஹப்பிளின் பழைய பதிவுகளைத் திரட்டி, உள்ளே வரும் மேகங்களையும் வெளியே போகும் மேகங்களையும் தனித்தனியே கணக்கெடுத்தனர். வரவு ஆண்டுக்குச் சுமார் 0.53 சூரிய நிறை, செலவு சுமார் 0.16. பற்று போக வரவே மிகுதி. ஆயினும், விண்மீன்களின் பசிக்கு அது முழுதும் ஈடுகட்டவில்லை.

விடுபட்ட வரவு எங்கே? அந்தக் கணக்கில் மெகல்லன் ஓடையைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பால்வெளியைச் சுற்றிவரும் பெரிய, சிறிய மெகல்லன் மேகங்கள் என்ற இரு குட்டி மண்டலங்களிலிருந்து உருவி எடுக்கப்பட்ட வாயு, தென் வானை வளைத்துக் கிடக்கும் நீண்ட நாடாவாக நீள்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் 1974-இல் அதன் முழு உருவம் தெரியவந்தது. அயனியான பகுதியையும் சேர்த்தால் அதில் இருநூறு கோடி சூரியன்களின் நிறை அளவு வாயு இருக்கலாம். ஆனால், அது இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. சூடான உறைக்குள் நுழையும்போது நொறுங்கி ஆவியாகி, பிறகு பல கோடி ஆண்டுகளில் மெல்லக் குளிர்ந்து இறங்குமேயன்றி, இப்போதைய செலவுக்கு உதவாது.

விழுந்த வாயு தட்டுக்குள் நன்றாகக் கலக்கிறதா என்பதும் இப்போது விவாதத்தில் இருக்கிறது. 2021-இல் அன்னலிசா டி சியா குழுவினர் 25 விண்மீன்களின் திசையில் நம் சுற்றுப்புற வாயுவை ஆராய்ந்து, சில இடங்களில் உலோகம் சூரியனைப்போலப் பத்தில் ஒன்றே இருப்பதாகவும், கலப்பு சீராக இல்லை என்றும் எழுதினர். அடுத்த ஆண்டே வேறொரு குழு, நெபுலாக்களின் சான்றைக்கொண்டு அப்பகுதி பெரிதும் சீரானது என மறுத்தது.

மற்ற மண்டலங்களிலும் இதே கதைதானா? இதற்கு விடை தந்த முக்கியமான ஆய்வொன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. புணேவுக்கு அருகில் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களைக் கொண்ட மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தி, ஆதித்ய சௌதுரி, நிஸிம் கனேகர், ஜெயராம் செங்களூர் உள்ளிட்டோர் 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் எண்ணூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண்டலங்களின் ஹைட்ரஜன் அலை தனித்தனியே கேட்க இயலாத அளவுக்கு மெல்லியது. ஆகவே, 7,653 மண்டலங்களின் அலைகளை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். அப்போதைய விண்மீன் பிறப்பு வேகத்துக்கு அந்த மண்டலங்களின் கையிருப்பு நூறு கோடி முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்கே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு பிரபஞ்சம் முழுவதும் விண்மீன் பிறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து விழும் வாயு போதாமல் போனதே அந்தச் சரிவுக்குக் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு. வரத்துக்கால் தூர்ந்தால் ஏரி என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு வானிலேயே கிடைத்துவிட்டது.

இந்தக் கேள்விகளின் எதிர்காலம் இரண்டே இரண்டு வகைக் கருவிகளை நம்பியிருக்கிறது என்பது பொதுவெளியில் அதிகம் பேசப்படாத செய்தி. ஒன்று, புற ஊதாத் தொலைநோக்கி. புற ஊதா ஒளியை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அதை விண்வெளியில்தான் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன அளவீடுகளில் பல, 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிளில் 2009-இல் பொருத்தப்பட்ட ஒரே கருவியால் கிடைத்தவை. ஹப்பிள் 2024 முதல் ஒற்றைச் சுழல்காட்டியைக்கொண்டு இயங்குகிறது. ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பு ஒளிக்கானது. இந்த வேலைக்கு உதவாது. ஹப்பிளுக்கு நிகரான அடுத்த பெரிய தொலைநோக்கியை 2040-களுக்கு முன் எதிர்பார்ப்பதற்கில்லை.

மற்றொன்று ரேடியோ தொலைநோக்கி. ஹைட்ரஜன் அலையின் இயல்பான அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ். 1,400 முதல் 1,427 வரையிலான அலைவரிசையில் எவரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்று பன்னாட்டு விதி இருக்கிறது. நம் மண்டலத்தின் மேகங்களுக்கு அந்தக் காப்பு போதும். ஆனால், பிரபஞ்சம் விரிவதால், எண்ணூறு கோடி ஆண்டுப் பழைமையான ஹைட்ரஜனின் அலை நம்மை அடையும்போது ஏறத்தாழ 700 மெகாஹெர்ட்ஸாகத் தாழ்ந்துவிடுகிறது. அங்கே எந்தக் காப்பும் இல்லை. அது அலைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடப்படும் அலைவரிசை. கையிலுள்ள அலைபேசியின் குரலோடு ஒப்பிட்டால் அந்தப் பழைய ஹைட்ரஜனின் குரல் கணக்கில் எடுக்கவே முடியாத அளவுக்குச் சன்னமானது. அலைபேசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிராமத்துக்கும் இணையம் வேண்டும்தான். ஆனால், சதுர கிலோமீட்டர் தொலைநோக்கி என்ற பன்னாட்டுத் திட்டத்தில் பங்கேற்க 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கும் நாடு, தன் மண்ணிலேயே உள்ள தொலைநோக்கியைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குக் கோபுரங்களின் திசையையும் திறனையும் வரையறுத்து, அந்த வரையறையைத் தவறாமல் நடைமுறைப்படுத்துவது செலவே இல்லாத காரியம். அலைவரிசை ஏல அறிவிக்கைகளில் அதற்கென ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.